அரசுப் பள்ளியில் முழுநாள் எல்கேஜி, யுகேஜி: கொங்கு ஊர்களுக்கான முழுமையான வழிகாட்டி

காலை ஏழரை மணிக்குப் பல்லடம், அவிநாசி, கோபி, திருச்செங்கோடு வட்டாரத்தில் எந்த ஊர் முக்கில் நின்றாலும் மஞ்சள் வேன்கள் மூன்று வயதுப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போவதைப் பார்க்கலாம். அதே ஊரில் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி இருக்கும். ஆனால் அங்கே ஒன்றாம் வகுப்பிலிருந்துதான் சேர்க்கை. அதற்குள் இரண்டு வருடம் வேனில் போய்ப் பழகிய பிள்ளையை ஐந்து வயதில் யாரும் திருப்பிக் கூட்டிவருவதில்லை. ஊர்ப் பள்ளிகளில் பிள்ளைகள் குறைந்துபோனதற்கு இது ஒரு பெரிய காரணம் என்பது என் உறுதியான எண்ணம்.

அங்கன்வாடி இருக்கிறதே என்று கேட்கலாம். 1975-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணித் திட்டத்தின் கீழ் தமிழ்நாட்டில் 54,000-க்கும் மேற்பட்ட மையங்கள் இருக்கின்றன. சோறும் முட்டையும் பாட்டும் கதையும் அங்கே கிடைக்கின்றன. ஆனாலும் பனியன் கம்பெனிக்கோ தறிக்கோ போகும் தாய்க்கு இரண்டு கேள்விகள் மிச்சம் இருக்கின்றன. "பொழுதோட வரைக்கும் யாருங்க பாத்துக்குவாங்க?" என்பது ஒன்று. "பள்ளிக்கூடம்னு சொல்லிக்கிற மாதிரி அங்க ஏதாச்சும் சொல்லிக் குடுப்பாங்களா?" என்பது இன்னொன்று. இரண்டுக்கும் சேர்த்துப் பதில் சொல்லக்கூடியது பள்ளி வளாகத்திலேயே நடக்கும் முழுநாள் மழலையர் வகுப்பு.

தலைமை ஆசிரியர்கள், பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோர், அங்கன்வாடிப் பணியாளர்கள், ஊருக்கு ஏதாவது செய்ய நினைக்கும் முன்னாள் மாணவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். முன்கூட்டியே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். முழுநாள் என்றதும் காலை வகுப்பை அப்படியே மதியத்துக்கும் இழுத்துவிடத்தான் எல்லோருக்கும் தோன்றும். அப்படி இழுத்த வகுப்பு முதல் மாதத்திலேயே அழுகையில் முடியும். பன்னிரண்டு மணியிலிருந்து மூன்றே முக்கால் வரை பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்பதை முதலில் எழுதுங்கள். காலை நேரத்தை அதன் பிறகு போட்டுக்கொள்ளலாம்.

முதல் படி: பிள்ளைகளை எண்ணுங்கள், தீபாவளி முடிந்ததுமே

தனியார் பள்ளிகள் பொங்கலுக்கு முன்னும் பின்னும் சேர்க்கையைத் தொடங்கிவிடுகின்றன. ஏப்ரலில் நோட்டீஸ் அடித்துக்கொண்டு வீடு வீடாகப் போனால், "முன்பணம் கட்டிட்டோமுங்க" என்ற பதில்தான் கிடைக்கும். எனவே நவம்பரிலேயே கணக்கெடுப்பை முடித்துவிட வேண்டும்.

அங்கன்வாடிப் பணியாளரிடம் குடும்பக் கணக்கெடுப்புப் பதிவேடு இருக்கும். அதை வைத்து, வரும் ஜூன் மாதம் மூன்று வயதும் நான்கு வயதும் நிறைந்திருக்கும் பிள்ளைகளின் பட்டியலைப் போடுங்கள். தமிழ்நாட்டில் ஐந்து வயது நிறைந்த பிள்ளை ஒன்றாம் வகுப்பில் சேர்வதால், எல்கேஜிக்கு மூன்று வயது, யுகேஜிக்கு நான்கு வயது என்று வைத்துக்கொள்வது சரியாக வரும்.

பதிவேட்டில் வராத பிள்ளைகளும் இருப்பார்கள். திருப்பூரிலும் சுற்றுவட்டாரத்திலும் கம்பெனிக் குடியிருப்புகளில் ஒடிசா, பீகார் குடும்பங்கள் இருக்கின்றன. கோழிப்பண்ணை, செங்கல் சூளை, தோட்டத்துச் சாளை (தோட்டத்து வீடு) என்று சிதறிக் கிடக்கும் குடும்பங்களும் உண்டு. இவர்களைத் தேடிப் போகத்தான் வேண்டும். முழுநாள் வகுப்பு எல்லோரையும்விட இவர்களுக்குத்தான் அவசரத் தேவை.

ஒவ்வொரு வீட்டிலும் மூன்றைக் கேட்டால் போதும். பகலில் பிள்ளையை யார் பார்த்துக்கொள்கிறார்கள்? தாய் எத்தனை மணிக்கு வேலைக்குக் கிளம்பி எத்தனை மணிக்குத் திரும்புகிறார்? வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள்? முதல் கேள்விக்கு "அம்மாயி பாத்துக்குது" என்று பதில் வந்தால் அம்மாயியோடும், அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டியோடும், உட்கார்ந்து பேசுங்கள். பள்ளிக்கு அனுப்புவதா வேண்டாமா என்று பல வீடுகளில் முடிவெடுப்பவர் அவர்தான்.

இரண்டாம் படி: அங்கன்வாடியோடு போட்டி வேண்டாம்

இந்தப் படியில் தவறினால் மற்றவை எல்லாம் வீண். அரசே செய்து பார்த்த முன்மாதிரி ஒன்று நம்மிடம் இருக்கிறது. 2019 ஜனவரியில், நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்கேஜி, யுகேஜி வகுப்புகள் தொடங்கப்பட்டன. இடமும் உணவும் பிள்ளைகளும் அங்கன்வாடி வழியாகவே கிடைத்ததால் அடித்தளம் நன்றாகவே இருந்தது. சிக்கல் வந்தது ஆசிரியர் விஷயத்தில். தொடக்கப்பள்ளிகளில் உபரியாகக் கணக்கிடப்பட்ட இடைநிலை ஆசிரியர்களை இந்த வகுப்புகளுக்கு மாற்றினார்கள். ஏழு வயதுப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தப் பயிற்சி பெற்றவர்கள், தங்கள் தகுதியும் பணிநிலையும் என்னாகுமோ என்று எதிர்த்தார்கள். 2022-இல் அந்த ஆசிரியர்கள் திரும்ப அழைக்கப்பட்டதும் வகுப்புகளே நின்றுவிடுமோ என்ற நிலை வந்தது. பெற்றோர் குரல் எழுப்பிய பிறகு, மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் சிறப்பு ஆசிரியர்களை அமர்த்தி வகுப்புகளைத் தொடர அரசு முடிவெடுத்தது.

இதிலிருந்து இரண்டு விஷயங்களை எடுத்துக்கொள்ளலாம். பிள்ளையின் பெயர் அங்கன்வாடிப் பதிவேட்டிலேயே தொடரட்டும். மதிய உணவு, எடை பார்ப்பது, தடுப்பூசிக் கணக்கு எல்லாம் அங்கேதான் ஓடுகின்றன. 2022-இல் வந்த முதலமைச்சரின் காலை உணவுத் திட்டமும் 1 முதல் 5-ஆம் வகுப்பு வரையிலான பிள்ளைகளை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டதுதான். அங்கன்வாடியை விட்டுவிட்டால் எல்கேஜிப் பிள்ளையின் சோற்றுக்கு யார் கணக்கு எழுதுவது என்ற கேள்வி முதல் நாளே எழும். அடுத்தது, ஆசிரியரை எங்கிருந்தாவது கொண்டுவந்து ஒட்டவைக்கக் கூடாது. அதற்கென்று வரும் ஆள் வேண்டும்.

பள்ளி வளாகத்துக்குள் அங்கன்வாடி இல்லாத ஊர்களும் உண்டு. நடந்து போகும் தூரத்தில் இருந்தால், அதன் பணியாளரையும் வட்டாரக் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரையும் முதலில் சந்தித்துப் பேசுங்கள். "உங்க பிள்ளைங்களை நாங்க எடுத்துக்கல அக்கா, சேந்து நடத்தலாம்" என்று சொல்வதோடு நிற்காமல், அந்த அக்காவையும் குழுவில் ஒருவராக உட்கார வையுங்கள். அந்த ஊரின் மூன்று வயதுப் பிள்ளைகளைப் பள்ளியில் எவரையும்விட அவருக்கு நன்றாகத் தெரியும்.

மூன்றாம் படி: தீர்மானமும் விண்ணப்பமும்

கட்டாயக் கல்விச் சட்டம், 2009, பிரிவு 21-இன்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர்; மொத்த உறுப்பினர்களில் பாதிப்பேர் பெண்கள். அந்தக் குழுவில் தீர்மானம் போடுங்கள். அதே சட்டத்தின் பிரிவு 11, மூன்று முதல் ஆறு வயது வரையிலான பிள்ளைகளுக்கு இலவச முன்பருவக் கல்வி தர அரசு ஏற்பாடு செய்யலாம் என்கிறது. "செய்யலாம்" என்றுதான் இருக்கிறது, கட்டாயமில்லை. ஆனாலும் தீர்மானத்தில் அந்தப் பிரிவைக் குறிப்பிட்டால் கேட்பதற்குச் சட்டப் பிடிமானம் இருக்கும். பிறகு அதே கோரிக்கையைக் கிராம சபையிலும் வையுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கிராம சபை கூடும். நவம்பர் 1-ஐத் தவறவிட்டால் ஜனவரி 26.

விண்ணப்பம் இரண்டு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். பிள்ளைகளின் எண்ணிக்கை, எந்த அறை, கழிப்பறையும் தண்ணீரும் எப்படி இருக்கின்றன, மதிய நேரத்துக்கான திட்டம், ஆசிரியருக்கும் ஆயாவுக்கும் சம்பளம் எங்கிருந்து வரும், இவ்வளவுதான். ஒரு பிரதி வட்டாரக் கல்வி அலுவலருக்கு, ஒன்று தொடக்கக் கல்வி மாவட்டக் கல்வி அலுவலருக்கு, ஒன்று குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலருக்கு, ஒன்று ஊராட்சித் தலைவருக்கு அல்லது தனி அலுவலருக்கு. எழுத்தில் அனுமதி வராமல் ஒரு பிள்ளையைக்கூடச் சேர்க்காதீர்கள். நல்ல நோக்கத்தில் தொடங்கி, ஓர் ஆய்வில் நிறுத்தச் சொல்லிவிட்டால் நடுத்தெருவில் நிற்பது அந்தப் பிள்ளைகள்.

நான்காம் படி: மதியத்திலிருந்து கால அட்டவணை

மூன்று, நான்கு வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்குப் பத்திலிருந்து பதின்மூன்று மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பகல் தூக்கமும் அதில் சேர்த்திதான். ஒன்றரை ஷிப்ட் முடித்துத் தாய் வீடு வர ராத்திரி ஒன்பது ஆகும். அம்மா முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பிள்ளை தூங்கும். வெடியால ஆறு மணிக்கு எழுப்பிவிடுவார்கள். அந்தப் பிள்ளைக்குப் பகலில் ஒன்றரை மணி நேரத் தூக்கம் கட்டாயம் வேண்டும். கொங்கு நாட்டில் முழுநாள் வகுப்பு நடத்துகிறவர்கள் இதை மறக்கவே கூடாது.

ஆகவே இப்படி எழுதுங்கள். பன்னிரண்டு மணிக்குக் கைகழுவிச் சாப்பாடு. பன்னிரண்டே முக்காலுக்குப் படுக்கை. இரண்டேகால் வரை தூக்கம். தூங்காத பிள்ளை அரைமணி நேரம் சும்மா படுத்திருந்துவிட்டு எழுந்து, படப்புத்தகத்தோடோ களிமண்ணோடோ ஓரமாக உட்காரலாம். கட்டாயப்படுத்தித் தூங்கவைக்கக் கூடாது. இரண்டேகாலுக்கு முகம் கழுவித் தண்ணீர், கழிப்பறை, ஒரு சுண்டலோ வாழைப்பழமோ. இரண்டே முக்காலிலிருந்து மூன்றரை வரை வேப்பமர நிழலில் மண்ணும் தண்ணியும் பந்தும். அதன் பிறகு ஒரு கதை. மூன்றே முக்காலுக்கு வீடு.

காலையில் ஒன்பது முதல் ஒன்பதரை வரை வந்து சேர்வதற்கு. பிறகு வட்டமாக உட்கார்ந்து பாட்டு, பேச்சு, அறையின் மூலைகளில் சிறு குழுக்களாகப் பிரிந்து விளையாட்டு, பத்தே முக்காலுக்குத் தண்ணீர், கழிப்பறை, அதன் பின் ஒரு கைவேலை, ஓட்டம். ஆசிரியர் எல்லோரையும் உட்காரவைத்துச் சொல்லித்தரும் நேரம் ஒரு தடவைக்குப் பதினைந்து நிமிடத்தைத் தாண்ட வேண்டாம்.

மூன்றே முக்காலுக்குப் பிறகு? கம்பெனி விடும்வரை பிள்ளை எங்கே இருக்கும் என்பது நியாயமான கேள்வி. அதற்காக வகுப்பை ஆறு மணிவரை நீட்டக் கூடாது. மாலைப் பராமரிப்பைத் தனி ஆளோடு தனி ஏற்பாடாக வையுங்கள். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் குழந்தைக் காப்பக வசதி தர வேண்டும் என்று மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தம் சொன்னது. ஊரில் அப்படியொரு கம்பெனி இருந்தால் குழுவாகப் போய்ப் பேசுங்கள். தனியாக ஒரு காப்பகம் கட்டுவதைவிட, பள்ளியின் மாலைப் பராமரிப்புக்கு ஓர் ஆயா சம்பளத்தை ஏற்றுக்கொள்வது அவர்களுக்கும் எளிது. நம் ஊர் முதலாளிகள் பலர் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகளாகப் படித்து மேலே வந்தவர்கள். விஷயத்தைத் தெளிவாகச் சொன்னால் காதுகொடுத்துக் கேட்பார்கள்.

ஐந்தாம் படி: இரண்டு பெரியவர்கள்

இருபத்தைந்து பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர், ஓர் ஆயா. இதில் ஒருவரைக்கூடக் குறைக்கக் கூடாது. ஒரு பிள்ளையைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போகும்போது மற்ற இருபத்து நான்கு பேரையும் யாராவது பார்க்க வேண்டுமே. கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு முழுநாள் மழலையர் வகுப்பைக் கொண்டுவந்தபோது, வகுப்பறையில் ஆசிரியரோடு குழந்தைப் பருவக் கல்வியில் பயிற்சி பெற்ற இன்னொருவரையும் சேர்த்தது. 2010-இல் சில பள்ளிகளில் தொடங்கி 2014-இல்தான் எல்லாப் பள்ளிகளுக்கும் கொண்டுபோனார்கள். வசதியுள்ள மாகாணமே அவ்வளவு நிதானமாகப் போயிருக்கிறது. நம் ஒன்றியத்திலும் முதல் வருடம் இரண்டு மூன்று பள்ளிகள் போதும்.

மழலையர் கல்வியில் பட்டயமோ மாண்டிசோரிப் பயிற்சியோ முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் பெண்கள் நம் ஊர்களில் நிறையப் பேர். ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது சான்றிதழைப் பாருங்கள். அரைமணி நேரம் பிள்ளைகளோடு தரையில் உட்காரவைத்தும் பாருங்கள். சம்பளத்துக்குப் பெற்றோர் ஆசிரியர் கழகமும் முன்னாள் மாணவர்களும் பொறுப்பேற்று நடத்தும் அரசுப் பள்ளிகள் உண்டு. அப்படியானால் ஒரு முழு வருடச் சம்பளம் வங்கிக் கணக்கில் வந்த பிறகே ஆளை அமர்த்துங்கள். தீபாவளிக்குள் பணம் தீர்ந்து ஆசிரியர் நின்றுபோனால், அழுகை அடங்கி இப்போதுதான் பழகிய பிள்ளைகள் திரும்பவும் அழும்.

ஆறாம் படி: அறை, கழிப்பறை, தண்ணீர்

ஒரு பிள்ளை படுக்க இரண்டடிக்கு நாலடி வேண்டும். இருபத்தைந்து பேருக்கு 200 சதுர அடி. இடைவெளியும் நடக்க வழியும் சேர்த்து, இருபதுக்கு இருபது அறை பொருந்தும். சிமெண்டுத் தரையில் நேராகப் படுக்கவைக்காதீர்கள். கோரைப்பாய் நல்லது, அதன்மேல் விரிக்கப் பவானி ஜமக்காளமோ சென்னிமலைப் போர்வையோ. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி விரிப்பு, வாரம் ஒருமுறை வெயிலில் போட வேண்டும். சித்திரை, பங்குனியில் ஓட்டுக் கட்டடம் அனலாகத் தகிக்கும். மின்விசிறி ஓடுகிறதா என்று மார்ச் மாதத்துக்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

கழிப்பறைதான் பெண்பிள்ளைகளைப் பெற்றவர்கள் முதலில் கேட்பது. சின்னப் பிள்ளைக்கு ஏற்ற பீங்கான், எட்டும் உயரத்தில் குழாய், உள்ளே தாழ்ப்பாள் இல்லாத அரைக் கதவு, தினமும் கழுவ ஆள். நம் பகுதியில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் பல ஊர்களில் உப்பு. குடிக்க ஆற்றுத் தண்ணீர்க் குழாயோ வடிகட்டிய தண்ணீரோ தனியாக வேண்டும். ஆனைகட்டி, தாளவாடி, கடம்பூர் போன்ற மலையூர்களில் யானை நடமாட்டமும் உண்டு என்பதால், சுற்றுவேலியும் பிள்ளைகளைக் கூட்டிவரப் பெரியவர் ஒருவரும் இல்லாமல் வகுப்பைத் தொடங்கவே கூடாது.

யார் வந்தால் பிள்ளையை அனுப்பலாம் என்று ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு பேர் பெயரை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைச் சுவரில் பெரிதாக எழுதுங்கள்.

ஏழாம் படி: என்ன சொல்லித்தருவது

அங்கன்வாடிகளுக்கென்றே "ஆடிப்பாடி விளையாடு பாப்பா" என்ற பாடத்திட்டம் தமிழ்நாட்டில் இருக்கிறது. அதை எடுத்துக்கொள்ளுங்கள், புதிதாக எதையும் தேட வேண்டியதில்லை. கூடவே ஊரில் இருப்பதைச் சேருங்கள். மஞ்சள் கிழங்கை மோந்து பார்ப்பது, தேங்காய் நாரைத் திரிப்பது, தறி ஓடும் தாளத்துக்குக் கைதட்டுவது, கும்மிப் பாட்டுக்கு அடிவைப்பது. மாதம் ஒருநாள் ஓர் ஆத்தாவையோ அப்புச்சியையோ (பாட்டியையோ தாத்தாவையோ) கூப்பிட்டுக் கதை சொல்லச் சொல்லுங்கள்.

பெற்றோர் கேட்பது வேறு. "ஏபிசிடி எப்பங்க எழுதும்? பக்கத்து வீட்டுப் பிள்ளை மூணு வயசுலயே எழுதுது." இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்காதீர்கள். பிள்ளையின் படிப்பில் அவர்களுக்கு இருக்கும் ஆசைதான் அதில் தெரிகிறது. விரல் எலும்பும் தசையும் உறுதிப்படாத வயதில் பென்சிலை அழுத்திப் பிடிக்கவைத்தால் கை வலிக்கும், எழுத்தின்மேல் வெறுப்பு வரும் என்று விளக்குங்கள். மாவு பிசைவது, மணி கோப்பது, மணலில் கோடு போடுவது எல்லாம் எழுதும் கைக்கான பயிற்சிதான் என்று வகுப்பிலேயே உட்காரவைத்துக் காட்டுங்கள். ஆங்கிலத்தைப் பாட்டாகவும் பேச்சாகவும் தினமும் கொஞ்சம் கொடுங்கள். யுகேஜியின் பிற்பாதியில் எழுத்தை அறிமுகம் செய்தால் போதும். ஒன்றாம் வகுப்பிலிருந்து மூன்றாம் வகுப்பு வரைக்கும் 2022 முதல் எண்ணும் எழுத்தும் திட்டம் இருக்கிறது. எழுதப் படிக்கக் கற்றுக்கொள்ளும் வேலையை அங்கே முறையாகச் செய்வார்கள்.

வீட்டில் தெலுங்கோ கன்னடமோ ஒடியாவோ இந்தியோ பேசும் பிள்ளை வந்தால், தண்ணீர், பசி, ஒண்ணுக்கு, வலி, அம்மா ஆகிய ஐந்துக்கும் அந்த வீட்டுச் சொல் என்ன என்று ஆசிரியரும் ஆயாவும் முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். சில மாதத்தில் பிள்ளை நம் தமிழை "ஏனுங்" என்று இழுத்துப் பேசத் தொடங்கிவிடும். அதுவரைக்கும் வாயில்லாப் பிள்ளையாகத் தவிக்க விடக் கூடாது.

எட்டாம் படி: முதல் மாதம்

ஜூன் முதல் வாரம் பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை மட்டும், வீட்டுப் பெரியவர் ஒருவர் வகுப்பிலேயே இருக்கட்டும். இரண்டாம் வாரம் பெரியவர் திண்ணையில். பிள்ளை மதியச் சோறு சாப்பிட்டுவிட்டு வீடு திரும்பும். மூன்றாம் வாரம் தூக்கம். நான்காம் வாரத்திலிருந்து முழுநாள். வேலைக்குப் போகும் தாய்க்கு இது சிரமம்தான். ஆகையால் ஏப்ரலிலேயே தேதி போட்டுச் சொல்லிவிடுங்கள். அம்மாயியோ சித்தியோ வந்து இருக்க ஏற்பாடு செய்துகொள்வார்கள். வர யாருமே இல்லாத பிள்ளைக்கு ஆயா முழுநேரமும் பக்கத்தில் இருக்கட்டும். வீட்டிலிருந்து பழைய சேலைத் துண்டு ஒன்றைக் கொடுத்துவிடச் சொல்லுங்கள். அம்மா வாசத்தோடு படுத்தால் பிள்ளை சீக்கிரம் தூங்கும்.

ஒன்பதாம் படி: பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியவை

தேர்வு வேண்டாம், தரவரிசை வேண்டாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நோட்டுப் போட்டு மாதம் நான்கு வரி எழுதினால் போதும். என்ன சாப்பிட்டது, எவ்வளவு தூங்கியது, யாரோடு விளையாடியது, புதிதாக என்ன பேசியது. வாரக்கணக்கில் யாரோடும் பேசாத பிள்ளை, கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை, புத்தகத்தைக் கண்ணுக்கு மிக அருகில் பிடிக்கும் பிள்ளை ஆகியோரைப் பள்ளிக்கு வரும் அரசு மருத்துவக் குழுவிடம் தவறாமல் காட்டுங்கள். காதும் கண்ணும் நான்கு வயதில் சோதிக்கப்பட்டால் செய்யக்கூடியது நிறைய.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒவ்வொரு தடவையும் மழலையர் வகுப்புக்கென்று பத்து நிமிடம் ஒதுக்குங்கள். வருகை, ஆயாவின் சம்பளம் போய்ச் சேர்ந்ததா, கழிப்பறை எப்படி இருக்கிறது, மதியம் எத்தனை பேர் தூங்குகிறார்கள். கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். தூங்கும் நேரத்தில் நோட்டும் பென்சிலும் நுழைந்துவிட்டால் அங்கேதான் முதலில் தெரியும்.

ஏப்ரலில் யுகேஜி முடிக்கும் பிள்ளைகளை வாரம் இருமுறை ஒன்றாம் வகுப்பில் கொண்டுபோய் உட்காரவையுங்கள். அந்த நான்கு வரி நோட்டுகளை ஒன்றாம் வகுப்பு ஆசிரியரிடம் கையில் கொடுத்து, ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் ஐந்து நிமிடம் பேசுங்கள். ஜூன் சேர்க்கைப் பதிவேட்டில் இவர்கள் பெயரை முதலில் எழுதிவிட்டு, அடுத்த எல்கேஜிக்கான வீட்டுக் கணக்கெடுப்பை யார் எடுப்பது என்பதையும் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திலேயே முடிவு செய்துவிடுங்கள்.